சீனி வருத்தக்காரர் பல்லையும் காட்ட வேண்டும்

நீரிழிவுக் கிளினிக் நாளில் படுவான்கரை ஊர்களிலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்து வருகிறவர்கள் இரத்தச் சீனியைப் பார்த்துக்கொள்கிறார்கள், பிரஷரைப் பார்த்துக்கொள்கிறார்கள், கால் புண்ணைக் காட்டுகிறார்கள். வாயைக் காட்டுகிறவர் மிகக் குறைவு. முரசு வீங்கி இரத்தம் கசிந்தாலும், “வயசு போனால் பல் ஆடும்தானே” என்று விட்டுவிடுகிறோம். இலங்கையில் 2018-19இல் நடந்த தேசிய ஆய்வில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேருக்கு நீரிழிவு இருந்தது. இத்தனை பேரின் வாயைக் கவனிக்காமல் விடுவது பெரிய தவறு.

வாய் காய்ந்தால் சூத்தை

சீனி கூடும்போது சிறுநீர் அதிகம் போய் உடம்பு வற்றுகிறது, உமிழ்நீரும் குறைகிறது. பிரஷருக்கும் மனநோய்க்கும் எடுக்கும் சில குளிசைகளும் வாயைக் காயவைக்கும். உமிழ்நீர்தான் பல்லின் காவல். வாய்க் கிருமிகள் சீனியைத் தின்று அமிலம் விடுகின்றன. வாயின் அமில-கார அளவு (pH) 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். அந்த அமிலத்தைக் கழுவித் தணிக்க உமிழ்நீர் இல்லாதபோது சூத்தை விழுகிறது. நீரிழிவில் உமிழ்நீரிலேயே சீனி கூடுவதும் உண்டு. சீனி போட்ட தேத்தண்ணியை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பவருக்குப் பல் ஆறி எழ நேரமே கிடையாது.

முரசு அழிந்தால் சீனியும் ஏறும்

சூத்தையைவிட நான் அதிகம் அஞ்சுவது முரசு நோயை. அது வலிக்காமலே வளரும். நீரிழிவுக்காரருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ அறிஞர் 1993இலேயே இதை நீரிழிவின் ஆறாவது பாதிப்பு என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்புக் கோளாறுகளின் வரிசையில் முரசையும் சேர்த்தார்.

பலரும் அறியாதது இதன் மறுபக்கம். முரசில் தேங்கும் அழற்சி இன்சுலினின் வேலையைக் கெடுத்துச் சீனியை ஏற்றுகிறது. கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2022இல் வெளியிட்ட மீளாய்வு 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. முரசுக்கு அடியில் படிந்த காரையைச் சுரண்டிச் சுத்தம் செய்த மூன்று நான்கு மாதங்களில், மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.43 புள்ளி இறங்கியிருந்தது. குளிசையை நிறுத்தும் அளவு அல்ல இது. ஆனாலும் கையில் கிடைக்கும் ஒரு உதவியை ஏன் தள்ளிவைக்க வேண்டும்?

முரசு இறங்கினால் பல்லின் வேர் வெளியே தெரியும். வேர் மென்மையானது, அங்கே சூத்தை வேகமாகப் பிடிக்கும். கரியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் இன்னும் தேயும். மென்மையான பிரஷும் ஃபுளோரைட் பற்பசையும் போதும். இரவு படுக்கும் முன் துலக்குவதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

வெற்றிலைத் தட்டம்

வெற்றிலை பல்லை உறுதியாக்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இரவெல்லாம் வாவியில் வலையோடு இருப்பவருக்கு அது துணையும்கூட. ஆனால் பாக்கும் புகையிலையும் முரசைக் கெடுக்கின்றன, வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருகின்றன; இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான். படிந்த கறை சூத்தையையும் மறைத்துவிடும்.

பல் கழற்றப் போகும்போது

சீனி கட்டுப்பாட்டில் இல்லாதபோது பல் கழற்றினால் புண் ஆறச் சுணங்கும், கிருமி தொற்றும். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்ப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். காலைச் சாப்பாட்டையும் வழக்கமான மருந்தையும் தவறவிடாமல் போங்கள்.

பல் வலியால் சாப்பிடாமல் இருந்துகொண்டு குளிசையையோ இன்சுலினையோ போடுவது ஆபத்து, சீனி சட்டென்று இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கினால் உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள். அந்த நேரத்தில் பல்லைப் பற்றி யோசிக்க வேண்டாம். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் பனடோலோடு வீட்டில் இருக்காதீர்கள், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

நீரிழிவு இல்லை என்று நினைத்திருப்பவருக்கும் ஒரு வார்த்தை: காரணம் தெரியாமல் பற்கள் ஆடினால், முரசில் அடிக்கடி சீழ் கட்டினால், இரத்தச் சீனியைப் பார்த்துவிடுங்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் பற்சிகிச்சைக்குக் காசு இல்லை. அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் நீங்களே கேளுங்கள்: “பல்லையும் ஒருக்காப் பார்க்க அனுப்புங்கோ.”