ஏரி ஓரத்தில் வீடா? கோரையை வெட்டாதீங்க!

தாம்பரம்,

'ஏரி பார்த்த மனை, ஜிலுஜிலு காத்து' என்று நோட்டீஸ் அடித்து மனை விற்கிறார்கள். அதை நம்பி கடனை வாங்கி வீடு கட்டியவர்களில் பலர் ஏரிப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. அவ்வளவு கொசு, அவ்வளவு நாற்றம்.

ஏரியைத் திட்டி என்ன பயன்? ஓரத்தில் குடியிருப்பவர்கள் செய்கிற வேலையும் இதற்கு ஒரு காரணம்.

புது வீடு கட்டியதும் பொக்லைனை விட்டு தண்ணீரோரத்து கோரை, சம்பு, நாணலை வழித்து எடுத்து விடுகிறார்கள். பிறகு கான்கிரீட் சுவர். பார்க்க நீட்டாகத்தான் இருக்கும். வினையே அங்குதான் ஆரம்பம்.

மழை பெய்தால் தெரு மண், சோப்புத் தண்ணீர், குப்பை எல்லாம் ஏரிக்குத்தான் ஓடி வரும். கோரை இருந்தால் ஓட்டம் தணிந்து மண் அங்கேயே படியும். அழுக்கில் உள்ள சத்தை வேர் உறிஞ்சிக்கொள்ளும். கோரை போய்விட்டால் அந்தச் சத்து முழுவதும் ஆகாயத்தாமரைக்கு உரம். அது ஏரியை மூடினால் தண்ணீருக்குள் வெயிலும் போகாது, காற்றும் போகாது. மீன் செத்து மிதக்கும்.

விரால் மீன் குஞ்சு பொரிப்பதே புல் மண்டிய ஓரத்தில்தான். தாழைக்கோழி கூடு கட்டுவது சம்புக்குள். செங்குத்துச் சுவரில் தவளை எப்படி ஏறும்?

கொசு, பாம்பு வராதா?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. டெங்கு கொசு வளர்வது ஏரியில் அல்ல. வீட்டுத் தொட்டி, பழைய டயர், தேங்காய் ஓட்டில் தேங்கும் தண்ணீரில்தான். இரவில் கடிக்கும் கொசுவுக்குப் பிடித்த இடம் சாக்கடை. மீனும் தட்டானும் இருக்கிற ஏரி ஓரத்தில் கொசுப் புழு தப்பிப்பது கஷ்டம். ஏரியில் அதிகம் தென்படும் நீர்க்கோலி விஷமில்லாத பாம்பு.

செப்டிக் டேங்க் குழாயை ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்குள் விடுகிறவர்களும் உண்டு. அதே ஏரித் தண்ணீர்தான் ஊறி அவர்கள் வீட்டு போர்வெல்லுக்கு வருகிறது!

முதலில் சர்வே

சீர்செய்ய நினைப்பவர்கள் முதலில் பட்டா, எப்.எம்.பி. வரைபடத்தை எடுத்து, தாலுகா சர்வேயரை வைத்து எல்லையை அளந்துகொள்ள வேண்டும். எல்லைக்கு அப்பால் இருப்பது ஏரிப் புறம்போக்கு. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டு தனிச் சட்டமே வந்தது. மரம் நடுவதாக இருந்தாலும் அந்த இடத்தில் நீர்வளத் துறையிடம் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

சொந்த இடத்தில் ஓர் ஓரமாக பத்து அடி விட்டால்கூட போதும். நெய்வேலி காட்டாமணக்கு, சீமைக்கருவேல் இருந்தால் எடுத்து விடலாம். எடுத்த இடத்தை மொட்டையாக விட்டால் முதல் மழையிலேயே மண் சரியும். அங்கே வெட்டிவேர், கோரை நடலாம். சற்று மேட்டில் புங்கன், நாவல். மருது பெரிதாக வளரும், சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். சம்பு ரொம்ப மண்டினால், கூடு இருக்கிறதா என்று பார்த்து அங்கங்கே அறுத்தால் போதும். வேரோடு பிடுங்க வேண்டாம்.

ஒரு வீட்டுக்காரர் செய்வதால் என்ன ஆகும் என்று நினைக்கலாம். செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாக பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. மேல் ஏரியின் ஓரத்தில் கரைகிற மண் கீழ் ஏரியைத் தூர்க்கும். தூர்ந்த ஏரியில் வெள்ளம் தங்காது. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து மொட்டை மாடியில் ராத்திரியைக் கழித்த புறநகர்வாசிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். ஆடி, ஆவணியில் நட்டுத் தண்ணீர் ஊற்றி வந்தால், மழைக்கு முன்பே வேர் பிடித்துவிடும்.