கையெழுத்து உங்களுடையதுதானா?

"நான் கையெழுத்தே போடலை, பாலிசி மட்டும் எப்படி வந்தது?" பேங்கில் கடன் வாங்கப் போனவர்களும், டெபாசிட் போடப் போன பெரியவர்களும் இப்படித் திகைத்துப் போவதுண்டு. "போகட்டும், நல்லதுக்குத்தானே" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

மெடிக்கல் பாலிசி விண்ணப்பத்தில் சர்க்கரை, பிரஷர், ஆபரேஷன் என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். உங்களைக் கேட்காமல் நிரப்பியவர் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதியிருக்கலாம். நீங்களோ பத்து வருஷமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். நாளை ஆஸ்பத்திரியில் சேரும்போது, "நோயை மறைத்துவிட்டீர்கள்" என்று க்ளெய்மை மறுத்துவிடுவார்கள். எழுதியது யாரோ, பழி உங்கள் மேல்!

சரி, என்ன செய்வது?

முதலில் விண்ணப்பத்தின் நகலைப் பாருங்கள். பாலிசியோடு வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கையெழுத்து, ஃபோன் நம்பர், உடல்நலக் கேள்விகளுக்கான பதில், இந்த மூன்றையும் சரிபாருங்கள்.

பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லையா? கவலை வேண்டாம். 'ஃப்ரீ லுக்' விதிப்படி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். ஸ்டாம்ப் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, பாலிசி அமலில் இருந்த நாட்களுக்கான தொகை போக மீதிப் பணம் வந்துவிடும்.

கெடு தாண்டிவிட்டதா? "இது என் கையெழுத்து அல்ல" என்று கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். உங்கள் உண்மையான கையெழுத்துள்ள நகலை இணைத்து, புகார் கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். சரிபார்ப்புக்காக ஃபோனில் பேசியதாகச் சொன்னால் அந்தப் பதிவைக் கேளுங்கள். அடுத்த பிரீமியம் தானாகப் பிடிபடாமல் இருக்க பேங்குக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார். ரூ.50 லட்சம் வரையிலான வழக்குகளை விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 155255 என்ற எண்ணில் கட்டுப்பாட்டு ஆணையத்திடமும் புகார் செய்யலாம்.

ஒரு விஷயம்! வேறு மெடிக்கல் பாலிசி இல்லாதவர்கள் கோபத்தில் உடனே ரத்து செய்துவிட வேண்டாம். உண்மையான நோய் விவரத்தை எழுதிக் கொடுத்து, பாலிசியைத் திருத்தித் தருவார்களா என்று கேளுங்கள். பிரீமியத்தைக் கூட்டலாம், முடியாது என்றும் சொல்லலாம். 30 நாள் கெடு ஓடிக்கொண்டிருப்பதை மறக்காமல், பதிலைப் பார்த்து முடிவெடுங்கள். பாலிசி எடுப்பதே நோய் வரும் நாளுக்காகத்தானே? அன்றைக்கு அது செல்லுபடியாக வேண்டாமா!