ஒற்றை மணி கிடைத்த கடை

மதுரையில் முன்பெல்லாம் கழுத்து மாலை அறுந்து போனால், உதிர்ந்ததைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பெண்கள் புதுமண்டபத்துக்குத்தான் போவார்கள். தையல் மெஷின்களின் சத்தத்தையும் பித்தளைக் கடைகளையும் புத்தகக் கடைகளையும் தாண்டினால், ஒரு தூணோரமாக இரண்டு பேர் நின்றாலே அடைத்துக்கொள்ளும் அளவில் அந்த மணிக்கடை இருந்தது. கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் ‘மணிக்கடை ஐயா’ என்றால்தான் யாருக்கும் தெரியும். அந்த ஐயா சென்ற ஆடியில் காலமானார். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் மேல் ஒரு தடவைகூடச் சரக்கு வாங்காதவர்கள்.

மணி விற்கும் கடைகளுக்கு மதுரையில் பஞ்சமில்லை. எங்கும் பாக்கெட் கணக்கு, கிராம் கணக்கு, சரக் கணக்கு. அறுந்த மாலையில் ஒரு மணி குறைகிறது, அது மட்டும் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரையும் குறை சொல்ல முடியாது, ஒரு மணிக்கு என்ன விலை போடுவது? ஐயா போட்டார். பல நேரம் விலையே போடாமலும் கொடுத்தார். அவருடைய பலகைக்கு அடியில் சின்னச் சின்னத் தடுப்புகள் வைத்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. எந்தச் சரக்கும் தீர்ந்து போகும் தறுவாயில் கடைசிக் கைப்பிடியை விற்காமல் அந்தப் பெட்டியில் போட்டுவிடுவார். இளவயதில் தொடங்கிய பழக்கம். அதனால் நாற்பது வருசத்துக்கு முன்னால் அந்தக் கடையில் என்ன விற்றதோ அதன் மிச்சம் பெட்டியில் கிடந்தது. மதுரையில் எத்தனையோ வீட்டு மாலைகள் அந்தப் பெட்டியை நம்பித்தான் முழுசாக இருந்தன என்று சொன்னால் அது மிகையில்லை.

ஜோடி பார்ப்பதை அவர் அவசரப்பட்டுச் செய்ததில்லை.

“என்னத்தா, எந்த வருசத்து மாலை இது?”

“எங்கம்மா கல்யாணத்துக்குப் போட்டது, ஐயா.”

“அப்ப டியூப்லைட்டுல பாக்கக் கூடாது. வா, வெளியே போவோம்.”

மண்டபத்துக்குள் எப்போதும் பாதி இருட்டுதான். மணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வெயில் விழும் இடம்வரை நடப்பார். ஒரே ஆலையில், ஒரே நம்பர் போட்டு வரும் நிறம்கூட ஒவ்வொரு முறை கண்ணாடி உருக்கும்போதும் கொஞ்சம் மாறும். விளக்கு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்பு வெயிலில் வேறு வேறாகிவிடும். நிறம் ஒத்துப்போன பிறகு அளவு. பொடிமணிக்கு நம்பர் ஏற ஏற உருவம் சின்னதாகும். 8 நம்பர் என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், 11 நம்பர் என்றால் 2. அதற்கும் பிறகு துளை. துளை பொருந்தாத மணியைக் கோத்தால் அது சரத்தில் கோணலாக உட்காரும், நாளாவட்டத்தில் நூலையும் அறுக்கும். இவ்வளவும் பார்த்துத் திருப்தியானால்தான் கொடுப்பார். இல்லையென்றால், “இது சேராது, வேற வந்தா எடுத்து வைக்கிறேன்” என்பார். மாதக்கணக்கில் ஆனாலும் எடுத்தும் வைத்திருப்பார்.

நான் அவரிடம் கற்றுக்கொண்டதில் முதன்மையானது துளையைப் பார்ப்பது. கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, மணிக்குள் இருக்கும் நுண்ணிய கோடுகளும் குமிழ்களும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்க்கச் சொன்னார். துளையோடு ஒட்டி நீளவாட்டில் ஓடினால் அது கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிய மணி. துளையைச் சுற்றி வளையமாக ஓடினால் கம்பியில் சுற்றி எடுத்த மணி. இந்த ஒரு பார்வையால் மணிகளின் உலகமே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. குழாய் இழுக்கும் வித்தை நம் கரையோரத்துச் சொத்து. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இழுத்த பொடிமணிகளைப் போன்றவை இலங்கையிலும், தாய்லாந்திலும், வியட்நாமிலும் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் வைத்தார். திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் பிரான்சிஸின் காலம்வரை அதே முறை உயிரோடு இருந்தது. உலையில் கண்ணாடிக் குழம்பை இரும்புக் குழாய் ஒன்றில் கூம்பாகத் திரட்டி, நடுவே கம்பியைச் செலுத்தித் துளையை உண்டாக்கி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் கையாலேயே நீளக் குழாயாக இழுத்துக்கொண்டே இருப்பார். குழாய்களை நறுக்கி, துளைக்குள் சாம்பல் அடைத்து, மறுபடி சூடேற்றினால் கூர்முனைகள் உருண்டு வழுவழுப்பாகும். சாம்பல் இருப்பதால் துளை மூடாது. ஐயா இதைச் சொல்லும்போது அவர் கைகளே குழாய் இழுக்கும்.

அவருக்கு எல்லா மணிக்கும் ஊர் தெரியும். உத்தரப்பிரதேசத்துப் புர்தில்நகர்க் கண்ணாடி மணியை எடையிலேயே சொல்லிவிடுவார். செக் நாட்டு யாப்லோனெட்ஸ் சரக்கை அதன் மினுக்கத்தில் கண்டுபிடிப்பார். ஜப்பான் மணி வந்த புதிதில் அதன் ஒரே சீரான உருவத்தைப் பார்த்து வியந்து, வருவோர் போவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். கார்னீலியன் என்று நாம் வாங்கும் சிவப்புக் கல் குஜராத்தில் காம்பேயிலிருந்து வருவது. மண்ணிலிருந்து எடுக்கும்போது அதில் பாதி மங்கல் நிறம்தான், வெயிலில் காயவைத்து மெல்லிய நெருப்பில் சூடேற்றினால்தான் கல்லிலுள்ள இரும்புச் சத்து சிவக்கிறது என்பதும் அவர் வாயால் கேட்டதுதான். கொடுமணலில் அந்தச் சிவப்புக் கல்லையும் பச்சைக் கல்லையும் பளிங்கையும் மணிகளாக்கிய பட்டறைகளின் தடயம் கிடைத்திருக்கிறது என்று செய்தி படித்த அன்று, வந்தவர்களிடமெல்லாம் அதையே பேசினார்.

வாங்க வருபவர் ஏமாறக் கூடாது என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று தெரியவில்லையென்றால் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். கண்ணாடி சில்லென்றிருக்கும். முத்தைப் பல்லில் லேசாக உரசினால் மணல்போல நறநறவென்று தட்டுப்பட வேண்டும், வழுக்கினால் போலி. “பவளத்தையும் முத்தையும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சிராதீங்க தாயி, சுண்ணாம்பு அது, அரிச்சிரும்” என்று அவர் சொல்லாத நாள் இருந்திருக்காது. அண்மைக் காலத்தில் ஆரி ஒர்க் படித்த பெண்கள் கூட்டமாக வரத் தொடங்கியபோது, உள்ளே வெள்ளிப்பூச்சும் சாயமும் ஏற்றிய பளபளப்பு மணிகளைத்தான் முதலில் கேட்பார்கள். “ஜாக்கெட்டுக்கா? வேண்டாம்த்தா, வேர்வை பட்டா கறுத்துரும், வெளுத்துரும்” என்று விலை குறைந்த வேறு மணியை எடுத்து நீட்டுவார். கூடுதல் லாபம் தரும் சரக்கை இப்படி வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கார்த்திகை பிறந்தால் துளசி மாலைக்கு ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். 54, 108 என்று எண்ணிப் பார்த்துத்தான் கொடுப்பார். ஜெபமாலையில் 59 மணியும், தஸ்பீஹில் 33 அல்லது 99 மணியும் வர வேண்டும் என்பது அவருக்கு விரல்நுனிக் கணக்கு. நிக்காஹ் வைத்த வீடுகளுக்குக் கருகமணி, பிள்ளை பிறந்த வீடுகளுக்குக் கையில் கட்டக் கறுப்பு மணி. பச்சைப் பிள்ளைக்கு என்று கேட்டால் நூல் முடிச்சைத் தானே போட்டு, இழுத்துப் பார்த்துத் தருவார். அறுந்து வாய்க்குள் போய்விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. நரிக்குறவர் குடும்பங்கள் திருவிழாவுக்கு முன்னால் வந்து கடனுக்குச் சரக்கெடுத்துப் போய், முடிந்ததும் பணம் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் கணக்கை அவர் நோட்டில் எழுதி நான் பார்க்கவில்லை.

தங்கூஸ் நரம்பில் மணி கோத்துக் கிளியும் அன்னமும் கைப்பையும் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்த ஒரு காலம் இருந்ததே, அப்போது அந்தக் கடை ஒரு பள்ளிக்கூடமாகவும் இருந்தது. எந்த மணிக்குள் நரம்பை எத்தனை தடவை விட வேண்டும் என்பதைக் கடைமுன்னாலேயே கோத்துக் காட்டுவார். பல வீடுகளில் நடுத்தர வயதுப் பெண்களின் கைச்செலவுக்கு வழிசெய்த தொழில் அது. இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் எழுப்பிய மண்டபத்தின் சிற்பங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்தத் தூண்களுக்கு இடையே தலைமுறைகளாக உட்கார்ந்திருந்தவர்களின் தொழிலறிவை எழுதாமல் விட்டது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

மண்டபத்தைப் புதுப்பிப்பதற்காகக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியபோது ஐயாவுக்கு வயதாகியிருந்தது. சிற்பங்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்பதை அவரும் ஒத்துக்கொண்டார். புது இடத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது, மின்விசிறி இருந்தது. பழைய வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்து வருவதற்குத்தான் நாளாயிற்று. முதல் சில மாதம், வழக்கமாக வருகிறவர்கள் மண்டபத்து வாசலில் தேடித் திரும்பிவிடக் கூடாது என்று சாயங்காலங்களில் அங்கே போய் நின்றுகொண்டிருப்பார்.

இப்போது மகன் கடையைப் பார்த்துக்கொள்கிறார். ஆரி ஒர்க் சரக்கை வாட்ஸ்அப்பில் படம் போட்டு வெளியூருக்கும் அனுப்புகிறார், வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. உதிரிப் பெட்டியும் பலகைக்கு அடியிலேயே இருக்கிறது. அதில் எது எந்தக் காலத்துச் சரக்கு என்பது அப்பாவுக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்பதால், மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு தடுப்பாகக் கொட்டி, வெயிலில் வைத்து, நிறம் பிரித்துக் காகிதத்தில் எழுதிவருகிறார்கள். ஒற்றை மணியைக் கூரியரில் அனுப்பினால் கட்டுப்படியாகாது. அறுந்த மாலையை எடுத்துக்கொண்டு நேரில் வருகிறவர்களுக்குத் தேடிக் கொடுக்கிறார்கள்.