மீன் தொட்டிக்குள் ஒரு பாறைச் சுவர்

எல்லாப் பக்கமும் வெளிச்சம் புகும் கண்ணாடித் தொட்டியில் மீன்கள் வெளிறித் தெரிவதுண்டு. பல மீன்களின் தோலில் மெலனோஃபோர் என்ற கருநிறமிச் செல்கள் இருக்கின்றன. பின்புலம் வெளுப்பாக இருந்தால் அவற்றிலுள்ள நிறமித் துகள்கள் செல்லின் நடுவில் ஒடுங்கும். இருண்டிருந்தால் பரவி, நிறத்தை அடர்த்தியாக்கும். அதனால் தொட்டியின் பின்பக்கம் அடர்நிறப் பாறைச் சுவர் அமைப்பது வெறும் அலங்காரம் அல்ல. ஒதுங்க இடுக்கு கிடைப்பதால் மீனின் மிரட்சியும் குறையும்.

இதை வீட்டிலேயே செய்யலாம். தெர்மாகோலைக் கத்தியால் பாறை வடிவில் செதுக்கி, சிமென்டைத் தண்ணீராகக் கரைத்துத் தூரிகையால் மூன்று நான்கு பூச்சு பூச வேண்டும். நிறத்துக்கு, தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடையோ கறுப்பு ஆக்சைடையோ கடைசிப் பூச்சில் கலக்கலாம். இரும்பு ஆக்சைடு நீரில் கரையாது. ஸ்ப்ரே பெயின்ட் மட்டும் கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலையே உருக்கிவிடும்.

அடுத்தது மிதப்பு. இரண்டடி நீளம், ஓரடி உயரம், 2 அங்குலத் தடிமன் கொண்ட தெர்மாகோல் பலகை 9 லிட்டருக்கு மேல் நீரை இடம்பெயர்க்கும். அதாவது, சில நூறு கிராம்கூட இல்லாத அந்தப் பலகையை நீர் 9 கிலோ விசையோடு மேலே தள்ளும். ஆகவே தொட்டி காய்ந்திருக்கும்போதே சிலிக்கான் பசையால் கண்ணாடியோடு ஒட்டிவிட வேண்டும். பசையிலிருந்து எழும் புளித்த வாடை அசிட்டிக் அமிலம். அது முழுதும் போகும்வரை காத்திருங்கள். குளியலறைக்கான பூஞ்சைத் தடுப்புப் பசை மீனுக்கு நஞ்சு.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது சிமென்ட்தான். அது இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உருவாகிறது. அது கரைந்த நீரின் பி.எச். அளவு 12-ஐத் தாண்டக்கூடும். பெரும்பாலான நன்னீர் மீன்களுக்கு ஏற்றது 6.5 முதல் 8 வரை. பி.எச். ஒரு படி ஏறினாலே காரத்தன்மை பத்து மடங்காகும். காரம் ஏறினால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியம், செவுள்களைத் தாக்கும் அம்மோனியாவாக மாறும்.

எனவே சில வாரங்களுக்குத் தொட்டியில் நீர் நிரப்பிக் கொட்டிக்கொண்டே இருங்கள். பிறகு தொட்டியிலும் ஒரு பிளாஸ்டிக் வாளியிலும் ஒரே நீரை நிரப்பி, சில நாள் கழித்து இரண்டின் பி.எச். அளவையும் சோதியுங்கள். இரண்டும் ஒத்துப்போகும்வரை மீன் வாங்க வேண்டாம்.