அடிப்பது மட்டுமே ஆட்டமாகுமா?

இங்கிலாந்தின் டெஸ்ட் கிரிக்கெட் கோஷ்டியார் 2022-ம் வருஷத்தில் கைக்கொண்ட ஆட்டமுறையைப் பற்றி, அந்த விளையாட்டு நடைபெறும் தேசங்களிலெல்லாம் பெரும் விவாதம் நிகழ்ந்து வருகிறது. பந்து எத்தகையதாயினும், ஆட்டத்தின் நிலைமை எதுவாயினும், எதிரியை அடித்து ஆடுவதே மட்டை பிடிப்பவனின் முதற் கடமை என்பது அம்முறையின் சாரம். 'பாஸ்பால்' என்று அதற்குப் பெயரும் வழங்கலாயிற்று. டெஸ்ட் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்த சஞ்சீவி இதுவே என்கிறார்கள் ஒரு சாரார். அதன் உயிரையே குடிக்க வந்த விஷம் என்கிறார்கள் மற்றொரு சாரார். இவ்விரு கட்சிகளில் நியாயம் எதன் பக்கம் இருக்கிறது?

அரசியல் விவகாரங்களுக்கென்று ஏற்பட்ட இப்பக்கத்தில் பந்தாட்டத்துக்கு இடமேது என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். நமது தேசிய இயக்கத்தின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இவ்வழக்குப் புதிதன்று. 1907-ல் சூரத்திலே காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தபோது மிதவாதிகளும் அமிதவாதிகளும் எதைப் பற்றி வாதாடினார்களோ, ஏறக்குறைய அதே வாதந்தான் இன்று பச்சைப் புல்வெளியில் நடக்கிறது. வேகம் வேண்டுமா, நிதானம் வேண்டுமா என்பது எக்காரியத்திலும் எழும் கேள்வி. பொதுவேலையில் ஈடுபட்டவர்கள் அதை ஆராய்வதில் குற்றமில்லை, பிரயோஜனமும் உண்டு.

முதலில் புதுமுறைக்காரர் பக்கத்துச் சாட்சியத்தை நடுவுநிலைமையுடன் கேட்போம். 2022-ல் பென் ஸ்டோக்ஸ் தலைவராகவும், நியூஜிலாந்தைச் சேர்ந்த பிரெண்டன் மெக்கல்லம் பயிற்சியாளராகவும் நியமனம் பெற்றபொழுது, இங்கிலாந்துக் கோஷ்டியின் நிலைமை பரிதாபகரமாயிருந்தது. அதற்கு முன் ஆடிய 17 டெஸ்டுகளில் ஒன்றே ஒன்றில்தான் அவர்களுக்கு ஜெயம். புதியவர்கள் பொறுப்பேற்ற பின் அவ்வருஷத்தில் ஆடிய 10 டெஸ்டுகளில் 9-ல் ஜெயம் கிடைத்தது. நாட்டிங்ஹாமில், கடைசி நாளன்று 299 ரன் வேண்டியிருந்தது. ஜானி பேர்ஸ்டோ 92 பந்துகளில் 136 ரன் அடித்தார். 50 ஓவர்களில் காரியம் முடிந்துவிட்டது. பர்மிங்ஹாமில் நமது இந்தியக் கோஷ்டி வைத்த 378 ரன் இலக்கை மூன்றே விக்கெட்டுகளை இழந்து எட்டினார்கள். நாலாவது இன்னிங்ஸில் அவ்வளவு பெரிய தொகையை இங்கிலாந்து அதற்கு முன் ஒருநாளும் எடுத்து ஜெயித்ததில்லை.

இவையெல்லாவற்றையும்விட நம் மனத்தைக் கவர்ந்தது அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் ராவல்பிண்டியில் நடந்த டெஸ்ட். பந்து வீசுவோருக்கு எவ்வித உதவியும் செய்யாத தரை அது. அங்கே முதல் நாளில் 75 ஓவர்களில் 506 ரன் குவித்தார்கள், நால்வர் சதமடித்தார்கள். பாகிஸ்தானும் 579 ரன் எடுத்தது. பழைய வழக்கப்படி நடந்திருந்தால் ஐந்தாம் நாள் மாலையில் இரு தரப்பாரும் கைகுலுக்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள். ஸ்டோக்ஸோ தமது இரண்டாவது இன்னிங்ஸை 36 ஓவர்களுக்குள் நிறுத்தி, பாகிஸ்தானுக்கு 343 ரன் இலக்கை வைத்தார். தோற்றாலும் தோற்கட்டும் என்று வாசற்கதவைத் திறந்து வைத்தவர், அவ்வாசல் வழியாகவே வெற்றியைக் கொண்டுவந்தார். சூரியன் சாயும் வேளையில் 74 ரன்களில் இங்கிலாந்து ஜெயித்தது. தோல்வி பயத்தை உதறியவனுக்கே வெற்றி கிட்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

இந்த வெற்றியின் சூட்சுமத்தைச் சற்றே கவனிக்க வேண்டும். 20 ஓவர் பந்தயத்தில் ரன்னே லட்சியம். டெஸ்ட் பந்தயத்தில் ரன் என்பது ஒரு சாதனந்தான். எதிரியின் 20 விக்கெட்டுகளையும் வீழ்த்தினாலொழிய வழக்கமாக வெற்றி இல்லை. அவற்றை வீழ்த்தக் காலம் வேண்டும். வேகமாக ரன் எடுப்பவன் அந்தக் காலத்தைச் சம்பாதிக்கிறான். 2024-ல் கான்பூரில் வங்காள தேசத்துடன் ஆடியபோது, மழையால் இரண்டு நாட்களுக்கு மேல் வீணாயின. நம்மவர் 34.4 ஓவர்களில் 285 ரன் அடித்து டிக்ளேர் செய்து, கடைசி நாளில் ஏழு விக்கெட்டுகளால் வென்றார்கள். அங்கே வேகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தோடு கூடிய வேகத்தை எந்த நியாயஸ்தனும் ஆட்சேபிக்கமாட்டான்.

ஆட்சேபணை எங்கே பிறக்கிறதென்றால், உபாயம் சித்தாந்தமாக மாறும் இடத்தில் பிறக்கிறது. அடிப்பது உசிதமான இடத்தில் அடிக்கிறேன் என்பவன் யுக்திமான். அடிப்பதுதான் என் மதம், தடுப்பது கோழைத்தனம் என்பவன் தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறான்.

2023-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு விக்கெட் இழப்புக்கு 188 ரன் என்ற சௌகரியமான நிலையில் இங்கிலாந்து இருந்தது. எதிரியின் பிரதான சுழற்பந்து வீச்சாளரான நேதன் லயன் காலில் அடிபட்டு வெளியேறிவிட்டார். வேகப்பந்து வீச்சாளர் சோர்ந்து போகும்வரை பொறுத்திருப்பதே போதுமானதாயிருந்தது. அவர்களோ மார்புக்கு மேல் எழும்பிய பந்துகளை ஒவ்வொன்றாகத் தூக்கியடித்து, 325-ல் சுருண்டார்கள்; 43 ரன்களில் தோற்றார்கள். 2025 நவம்பரில் பெர்த் நகரில் முதல் இன்னிங்ஸ் 32.5 ஓவர்களில் 172 ரன்னோடு முடிந்தது. அப்படியும் ஆஸ்திரேலியாவை 132-ல் அடக்கி, 40 ரன் முன்னணியும் பெற்றார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு விக்கெட்டுக்கு 65 என்று இருந்தவர்கள், துள்ளும் தரையில் எட்டிப்போகும் பந்துகளைத் துரத்தி 164-ல் வீழ்ந்தார்கள். இரண்டாம் நாள் பொழுது சாய்வதற்குள் எட்டு விக்கெட் தோல்வி.

அன்று ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 83 பந்துகளில் 123 ரன் அடித்தாரே, அதுவும் தாக்குதல்தானே என்று கேட்கலாம். தாக்குதல்தான். ஆனால் 205 ரன் என்ற இலக்கைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, எதிரியின் பந்து வீச்சைக் குலைப்பதற்கென்று அந்த வேளைக்குத் தேர்ந்துகொண்ட ஆயுதம் அது. அவருடைய சகாக்கள் எல்லோரும் எல்லா வேளையிலும் அவ்வாறே ஆட வேண்டுமென்று எவரும் விதி செய்யவில்லை.

வள்ளுவர் பொருட்பாலில் அரசனுக்கு உபதேசிக்கையில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களைத் தொடர்ந்து வைத்தார். பகைவன் மேல் பாயாதே என்று அவர் சொல்லவில்லை. அளந்து பார்த்துப் பாய் என்றே சொன்னார். இம்மூன்றையும் ஒதுக்கிவிட்டு வீரம் ஒன்றையே நம்பியதன் பலன் கணக்கில் தெரிகிறது. அப்புதுமுறை வந்த பின் இந்தியாவுடனும் ஆஸ்திரேலியாவுடனும் இங்கிலாந்து ஐந்து டெஸ்டுகள் கொண்ட நான்கு தொடர்களை ஆடியது. 2023-ல் 2–2, 2024-ல் 1–4, 2025-ல் 2–2, 2025–26-ல் 1–4. ஒன்றிலேனும் தொடர் வெற்றி கிட்டவில்லை.

இனி அம்முறையின் ஆசாரியரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். மெக்கல்லம் 2016-ல் தமது கடைசி டெஸ்டில் 54 பந்துகளில் சதமடித்தவர். டெஸ்ட் சரித்திரத்தில் அதைவிட வேகமான சதம் அதற்கு முன் இருந்ததில்லை. ஆனால் 2014-ல் வெல்லிங்டனில் நம்மவருக்கு எதிராக அவர் ஆடியது எவ்விதம்? நியூஜிலாந்து முதல் இன்னிங்ஸில் 246 ரன் பின்தங்கி, இரண்டாவதில் 94 ரன்னுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. அந்நிலையில் மெக்கல்லம் 559 பந்துகளை எதிர்கொண்டு 302 ரன் எடுத்தார். வாட்லிங் என்பவர் துணை நின்றார். தோல்வி நிச்சயமென்றிருந்த டெஸ்ட் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. தொடர் நியூஜிலாந்தின் வசமாயிற்று. வேகமும் பொறுமையும் ஒரே மனிதனிடத்தில் குடியிருக்கக்கூடும் என்பதற்கு அவரே அத்தாட்சி. குரு செய்துகாட்டியதில் பாதியை மட்டுமே சீடர்கள் வேதமாகக் கொண்டார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நமது கோஷ்டியின் அனுபவமும் இதையே போதிக்கிறது. 2008 டிசம்பரில் சென்னைச் சேப்பாக்கத்தில் இங்கிலாந்து 387 ரன் இலக்கு வைத்தது. நாலாம் நாள் மாலையில் வீரேந்திர சேவாக் 68 பந்துகளில் 83 ரன் அடித்து எதிரியைத் திகைக்க வைத்தார். மறுநாள் பந்து சுழலும் தரையில் டெண்டுல்கரும் யுவராஜும் நிதானமாக நின்று வெற்றியைப் பூர்த்தி செய்தார்கள். சேவாக் இல்லாவிடில் முயற்சியே தோன்றியிராது. டெண்டுல்கர் இல்லாவிடில் அது முடிந்திராது.

2021 ஜனவரியில் சிட்னியில் ரிஷப் பந்த் 118 பந்துகளில் 97 ரன் அடித்து வெற்றி ஆசையைக் கிளப்பினார். அவர் போன பின், தொடைத் தசை கிழிந்த விஹாரியும், முதுகு வலியால் குனியவும் இயலாதிருந்த நமது சென்னை அசுவினும், 40 ஓவர்களுக்கு மேல் நின்று தோல்வியைத் தடுத்தார்கள். விஹாரி 161 பந்துகளில் எடுத்தது 23 ரன். அதை வீரமல்ல என்று சொல்லத் துணிபவர் யார்? அந்த டிரா இருந்ததனால்தான் அடுத்த வாரம் பிரிஸ்பேனில் பெற்ற வெற்றி தொடர் வெற்றியாயிற்று. அங்கும் புஜாரா உடம்பெல்லாம் அடி வாங்கிக்கொண்டு 211 பந்துகளில் 56 ரன் எடுத்து நின்றார்; பந்த் ஆட்டமிழக்காமல் 89 ரன் எடுத்து முடித்தார். 1988-க்குப் பின் ஆஸ்திரேலியா அம்மைதானத்தில் தோற்றது அன்றுதான்.

2025-ல் மான்செஸ்டரிலும் இதுவே நடந்தது. 311 ரன் பின்தங்கி, ஒரு ரன்னும் எடுப்பதற்கு முன் இரண்டு விக்கெட்டுகளை இழந்த நம்மவர் 143 ஓவர்கள் நின்றார்கள். சென்னை இளைஞர் வாஷிங்டன் சுந்தர் தமது முதல் டெஸ்ட் சதத்தை அன்று அடித்தார். அந்தத் தற்காப்பினால்தான் ஓவல் மைதானத்தில் ஆறு ரன்களில் பெற்ற வெற்றி தொடரைச் சமன் செய்தது.

ஜனங்கள் வேகத்தைத்தானே விரும்புகிறார்கள் என்பது எதிர்க்கட்சியின் கடைசி வாதம். ஜனங்கள் விரும்புவது வேகத்தையல்ல, சந்தேகத்தை. அடுத்தது என்ன ஆகுமோ என்ற ஏக்கமே அவர்களை இருக்கையில் பிணித்து வைக்கிறது. தோல்வியைத் தடுக்க முடியும் என்ற வழி திறந்திருந்தால்தான் அந்த ஏக்கம் ஐந்தாம் நாள்வரை நீடிக்கும். எல்லோரும் எப்பொழுதும் அடித்தால் ஐந்து நாள் ஆட்டம் இரண்டு நாள் ஆட்டமாகும். பெர்த்தில் மூன்றாம் நாளுக்குச் சீட்டு வாங்கியவன் காலி மைதானத்தைத்தான் கண்டான். பழைய பந்தைச் சுழற்றி மட்டைக்காரனைப் பொறியில் சிக்க வைக்கும் கலையும் வேலையின்றிப் போகும். கடினமான எதிர்ப்பைத் தாண்டி அடிக்கும்போதுதான் அடிக்கும் மதிப்பு உண்டு.

டெஸ்ட் ஆட்டத்தின் உண்மையான நோய் மந்தமான ஆட்டமன்று. பணமும் காலமும் சிலர் கையில் குவிந்திருப்பதே. 2025–27 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் அட்டவணையில் ஆஸ்திரேலியாவுக்கு 22, இங்கிலாந்துக்கு 21, இந்தியாவுக்கு 18 டெஸ்டுகள். இலங்கைக்கும் வங்காள தேசத்துக்கும் 12 வீதமே. தென்னாப்பிரிக்கா தன் சொந்த 20 ஓவர் பந்தயத்தைக் காப்பாற்றும் பொருட்டு 2024-ல் நியூஜிலாந்துக்கு அனுபவமற்ற கோஷ்டியை அனுப்பியது. இந்நோயைச் சிக்ஸர்கள் தீர்க்கமாட்டா.

சர்வதேசக் கிரிக்கெட் ஸ்தாபனம் 1909-ல் 'இம்பீரியல்' என்ற அடைமொழியோடு பிறந்தது. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அதில் 1993 வரை தனி 'வீட்டோ' அதிகாரம் இருந்தது. அது அநீதி என்று நாம் முழங்கினோம், முழங்கியது நியாயமே. பின்னர் 2024 முதல் 2027 வரைக்கான வருமானப் பங்கீட்டில் நூற்றுக்கு 38-க்கு மேற்பட்ட பாகம் இந்தியாவுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதிகாரம் கைமாறியது போதாது. நீதியும் உடன்வர வேண்டும். எளிய தேசங்களுக்கு இரண்டு டெஸ்டுக்குப் பதில் மூன்று டெஸ்டுகளேனும் கிடைக்கும்படி செய்வது, செல்வாக்குள்ள நமது கிரிக்கெட் போர்டின் கடமை.

ஆகவே நமது தீர்ப்பு இது: தோல்விக்கு அஞ்சாத தாக்குதல் டெஸ்ட் ஆட்டத்துக்கு நன்மையே செய்தது; அந்த உபகாரத்தை மறுப்பது நன்றி மறப்பதாகும். தற்காப்பை இழிவென்று தள்ளும் தாக்குதல் அவ்வாட்டத்தை வேரோடு சாய்க்கும். பாயவும் தெரிய வேண்டும். பதுங்கவும் தெரிய வேண்டும். எப்பொழுது எது என்று அறியும் விவேகமே தலைமை. கிரிக்கெட்டில் மட்டுமா? தேசத் தொண்டில் இறங்கியவர்கள் தங்கள் அனுபவத்தைக் கொண்டே இதற்கு விடை சொல்லிக்கொள்வார்களாக.