மேகத்தில் நீர் பிடித்த ஊர்

சிலி நாட்டில், அட்டகாமா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில், கடலை ஒட்டிய மீனவக் குக்கிராமம் சுங்குங்கோ. மழை அங்கே ஆண்டுக்குச் சில நாள் சங்கதி. ஊருக்குப் பின்னால் எல் தோஃபோ மலை. ஊருக்குத் தண்ணீரும் கொடுத்துவந்த அங்கிருந்த இரும்புச் சுரங்கம் 1970களில் மூடப்பட்டது. பிறகு லாரித் தண்ணீர்தான் கதி. குடிக்க, சமைக்க, துவைக்க, குளிக்க, எல்லாவற்றுக்குமாகத் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 14 லிட்டர்.

இத்தனைக்கும் தண்ணீர் ஊரின் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. அந்தக் கடலோரத்தை ஹம்போல்ட் நீரோட்டம் குளிர வைக்கிறது. கீழே குளிர்ந்த காற்று கனத்துக் கிடக்க, மேலே வெப்பக் காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் படிந்துவிடுகிறது. மேகம் உயர எழும்பி மழையாக வழியில்லை. தாழ்வாகவே நகர்ந்துவந்து மலையில் முட்டுகிறது. அந்த மூடுபனியை அங்குள்ளவர்கள் 'கமன்சாக்கா' என்கிறார்கள்.

கனடா, சிலி விஞ்ஞானிகள் 1987 முதல் எல் தோஃபோவில் வலைகளை நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். காற்று வரும் திசையைப் பார்த்து, இரண்டடுக்காகக் கட்டிய பிளாஸ்டிக் இழைகள்.

ஓர் இழையை மட்டும் உற்றுப் பார்ப்போம். மூடுபனித் துளியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. காற்று இழையைச் சுற்றி வளைந்து போய்விடும். துளியால் அவ்வளவு சட்டென்று திரும்ப முடியாது, மோதி ஒட்டிக்கொள்ளும். அப்படிச் சுமார் 80 லட்சம் துளிகள் கூடினால்தான் 2 மில்லிமீட்டர் சொட்டு ஒன்று உருவாகும்! காற்றில் இரண்டு அடுக்கும் உரச, சொட்டுகள் கீழே உள்ள வாய்க்காலில் இறங்குகின்றன. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. சுமார் 780 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் தானாகவே இறங்கிவந்தது.

சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரி 3 லிட்டர் கிடைத்தது. 1992இல் குழாய் ஊரை எட்டியது. தலைக்கு 33 லிட்டர் அளவுக்குத் தண்ணீர். வீட்டுத் தோட்டங்களில் காய்கறி விளைந்தது.

ஆனால் ஊர் பெருகியது, தேவையும் பெருகியது. பலத்த காற்றில் வலைகள் கிழிந்தன. மலையேறித் தைப்பது யார், செலவு யாருடையது என்பதற்கு உறுதியான ஏற்பாடு இல்லை. 2000களின் தொடக்கத்தில் வலைகள் கைவிடப்பட, லாரி திரும்பிவந்தது. மூடுபனி அந்த ஊரைக் கைவிடவே இல்லை என்பதுதான் என் மனதை உறுத்துகிறது. இந்தத் தொழில்நுட்பத்தில் வலைக்கு எவ்வளவு இடமோ, அதைப் பராமரிக்கும் ஆட்களுக்கும் அவ்வளவு இடம் உண்டு.

மொராக்கோவின் பூத்மெஸ்கிதா மலையில் அதற்கும் வழி செய்தார்கள். காற்றைத் தாங்கும்படி வலையை ஜெர்மானியப் பொறியாளர்கள் மாற்றியமைத்தார்கள். நிர்வாகத்தை உள்ளூர் அமைப்பு ஒன்று ஏற்றது. 2015இல் அந்த மலையடி கிராமங்களுக்கு மூடுபனித் தண்ணீர் குழாயில் போய்ச் சேர்ந்தது.