பழத்தை உடைக்காமலே சுளையை எண்ணலாம்!
குற்றாலம் கடைவீதியில் ஓர் உயிரியல் பாடம்

தென்காசி,-

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அருவிக்குப் போகும் வழியெல்லாம் பழக்கடைதான். ரம்புட்டான், மங்குஸ்தான் என்று கூடை கூடையாகக் குவிந்து கிடக்கும்.

ஒரு மங்குஸ்தானை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சின்னப் பூ மாதிரி இதழ்கள் தெரியும். அதை எண்ணுங்கள். ஆறு இருந்தால் உள்ளே சுளையும் ஆறு. ஐந்து என்றால் ஐந்து!

மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. அது இதழே அல்ல. பூவாக இருந்தபோது இருந்த சூலகமுடி, காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

"சூலகமுடி என்றால் என்ன?" என்று கேட்டால் பத்தாம் வகுப்புப் பையன் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். பழத்தைக் கையில் கொடுத்து, "உள்ளே எத்தனை சுளைடா?" என்றால் திருதிருவென்று முழிப்பான்.

கோளாறு இங்கேதான்!

செல்போனில் பாடம்

தமிழக அரசு 2018-ல் கொண்டுவந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். கோடு அச்சிட்டது. செல்போனைக் காட்டினால் பாடம் படமாக ஓடும். தென்காசி தனி மாவட்டமான 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023-ல் மணற்கேணி செயலி வந்தது.

எல்லாம் சரி. படம் பார்த்தால் புத்தி வந்துவிடுமா? சினிமா மாதிரிப் பார்த்தால் வராது. கேள்வி கேட்டுக்கொண்டு பார்த்தால் வரும்.

முயலும் ஓநாயும்

அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கிய 'ஃபெட்' என்ற இலவசத் தளத்தில் ஒரு பாடம் உண்டு. திரையில் வெள்ளை முயல், பழுப்பு முயல். நாமே ஓநாயை அவிழ்த்துவிடலாம்.

பனிப் பிரதேசத்தில் எது தப்பும்? பொத்தானை அமுக்கும் முன்பே பையனை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏன் என்றும் எழுதட்டும். பிறகு அமுக்குங்கள். அடுத்து பனியை எடுத்துவிட்டு வெறும் மண்ணாக மாற்றுங்கள்.

கணிப்பு தப்பினால் திட்டாதீர்கள். "ஏன் தப்பிச்சு?" என்று அவன் மண்டையைச் சொறிகிறானே, அதுதான் படிப்பு!

திரையில் இல்லாத கேள்வி

இப்போது மறுபடியும் மங்குஸ்தானுக்கு வாருங்கள். இதன் விதை மகரந்தம் சேராமலே உண்டாகிறது. அதனால் குட்டி மரம் அநேகமாகத் தாய் மரத்தின் அச்சு.

முயல்களில் இரண்டு நிறம் இருந்ததால் ஏதோ ஒன்று பிழைத்தது. தோப்பு முழுக்க ஒரே அச்சு என்றால், ஒரு புது நோய் வந்தால் என்ன ஆகும்?

இதற்கு விடை சொல்லத் தொடங்கும் பிள்ளை மனப்பாடத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

பல வீடுகளில் ஒரே ஒரு போன்தான். அப்பா வேலைக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். பரவாயில்லை. ராத்திரி பத்து நிமிஷம் போதும். போன் இல்லாத வீட்டுக்குப் பழம் இருக்கிறது.

அடுத்த தடவை அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது அரைக் கிலோ வாங்குங்கள். உடைக்கும் முன் எண்ணச் சொல்லுங்கள்.

சரியாகச் சொன்னால் முதல் சுளை பிள்ளைக்கு!